சான் பிரான்சிஸ்கோ சைனாடவுன்: கூட நடந்தவர்கள் கேட்ட கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். முதல் நாள் கோல்டன் கேட் பாலம், மறுநாள் சைனாடவுன். அப்பா, மாமனார், அக்கா பிள்ளைகள், கூட வேலை பார்ப்பவர்களின் பெற்றோர் என்று எத்தனையோ பேரை அந்த மேட்டுத் தெருக்களில் கூட்டிப்போயிருக்கிறேன். ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. மேடேறும்போது மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

இந்த சைனாடவுன் எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது?

தெற்கே புஷ் தெருவில் பச்சை ஓடு வேய்ந்த வாசல் இருக்கிறதே, அங்கே ஆரம்பம். வடக்கே பிராட்வே வரை போகும். கிழக்கே கேர்னி தெரு, மேற்கே பவல் தெரு. நீளவாக்கில் நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. வாசல் ரொம்பப் பழசு என்று நினைத்து எல்லாரும் படம் எடுப்பார்கள். அது 1970இல் வந்தது. அதன் மேல் எழுதியிருப்பது சீனக் குடியரசை நிறுவிய சுன் யாட்-சென்னுக்குப் பிடித்த வாசகம். வானத்தின் கீழுள்ளது எல்லாருக்கும் பொது என்று பொருள்.

உள்ளே முக்கியமானவை இரண்டு தெருக்கள். கிராண்ட் அவென்யூ வந்து போகிறவர்களுக்கானது: விசிறி, பொம்மை, பட்டுச் சட்டை. அதற்கு இணையாக ஒரு தெரு மேலே ஸ்டாக்டன், குடியிருப்பவர்களுக்கானது: கீரைக்கட்டு, உயிர்மீன், கண்ணாடிக்குள் தொங்கும் வாத்து, சிவப்புப் பிளாஸ்டிக் பையோடு முண்டியடிக்கும் பாட்டிகள். பலர் கிராண்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அது வரவேற்பறையைப் பார்த்துவிட்டு வீட்டைப் பார்த்ததாகச் சொல்வது மாதிரி.

சீனாவிலேர்ந்து இவ்வளவு தூரம் ஏன் வந்தாங்க? தங்கத்துக்காகவா?

ஆமாம், தொடக்கம் தங்கம்தான். 1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் கொலோமாவில் தங்கம் கிடைத்தது. செய்தி ஹாங்காங் போய்ச் சேர்ந்ததும் கப்பல்கள் நிரம்பின. 1852ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 20,000 சீனர்கள் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார்கள். கலிபோர்னியாவை அவர்கள் ‘கம் சான்’ என்றார்கள், அதாவது தங்கமலை. சில வருடத்தில் ஆஸ்திரேலியாவிலும் தங்கம் கிடைக்கவே அது புதிய தங்கமலை ஆனது, இது பழைய தங்கமலை. சீன மொழியில் சான் பிரான்சிஸ்கோவின் பெயர் இன்றைக்கும் ‘பழைய தங்கமலை’தான்.

ஆனால் தங்க ஆசை மட்டும் ஒருவனைக் கப்பல் ஏற்றிவிடாது. ஊரில் அபினிப் போர், அதற்குப் பின் தைப்பிங் கலகம், உள்ளூர் மக்களுக்கும் வெளியிலிருந்து வந்து குடியேறிய ஹக்காக்களுக்கும் இடையே வெட்டுக்குத்து, போதாத நிலம். பலர் கப்பல் கட்டணத்தைக் கடனாக வாங்கிக்கொண்டு வந்து, உழைத்து அடைத்தார்கள். வந்த இடத்திலும் சும்மா விடவில்லை. 1850இல் கலிபோர்னியா வெளிநாட்டுச் சுரங்கக்காரர்கள் மீது மாதம் 20 டாலர் வரி போட்டது. அது எடுபடாமல் போனதும் 1852இல் மாதம் 3 டாலராக மறுபடி கொண்டுவந்தார்கள். அதை வசூலித்தது பெரும்பாலும் சீனர்களிடம்தான்.

சீனா முழுக்க இருந்தும் வந்தாங்களா?

இல்லை. இதைச் சொன்னால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1960கள் வரை வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தெற்கே குவாங்டாங் மாகாணத்தின் ஒரு சின்னப் பகுதிக்காரர்கள். அதிலும் ‘ஸே யாப்’ எனப்படும் நான்கு வட்டாரங்கள், அதிலும் குறிப்பாக டாய்சான். அவர்கள் பேசியது டாய்சான் பேச்சு. மாண்டரின் அல்ல, நகரத்துக் கான்டனீஸ்கூட அல்ல. சைனாடவுன் என்று நாம் பார்ப்பது, உண்மையில் இரண்டு மூன்று வட்டாரங்கள் கடல் தாண்டி வந்து உட்கார்ந்த இடம்.

அதனால்தான் ஊர்ச் சங்கங்களுக்கு அவ்வளவு பலம். கப்பலை விட்டு இறங்கியவனை அவன் ஊர்ச் சங்கத்து ஆள் வந்து கூட்டிப்போவார். படுக்க இடம், வேலைக்கு வழி, கடனுக்குப் பொறுப்பு, சண்டைக்குப் பஞ்சாயத்து எல்லாம் சங்கம்தான். செத்துப்போனால் சில வருடம் கழித்து எலும்பைத் தோண்டியெடுத்து, சுத்தம் செய்து பெட்டியில் வைத்து, ஊருக்கு அனுப்பியதும் சங்கம்தான். இந்தச் சங்கங்கள் சேர்ந்த பெரிய சபையை வெளியார் ‘ஆறு கம்பெனி’ என்றார்கள். அது வியாபாரக் கம்பெனி இல்லை.

அமெரிக்காவுல ரயில் போட்டது இவங்கதானாமே?

மேற்குப் பாதியைப் போட்டது இவர்கள்தான். சென்ட்ரல் பசிபிக் கம்பெனி சாக்ரமென்டோவிலிருந்து கிழக்கே சியரா நெவாடா மலையைக் குடைந்து பாதை போட்டபோது, தொழிலாளர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சீனர்கள். வேலை மும்முரமாக நடந்த நாளில் பத்தாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். 1867 ஜூனில் கூலி உயர்வும் குறைந்த வேலை நேரமும் கேட்டு ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் கருவியைக் கீழே வைத்தார்கள். கம்பெனியின் சார்லஸ் குரோக்கர் மலைமேல் உணவு போவதை நிறுத்தினார். ஒரு வாரத்தில் வேலைநிறுத்தம் முடிந்தது. அடிதடி எதுவும் இல்லை, வயிற்றில் அடித்தே முடித்துவிட்டார்கள்.

1869 மே 10 அன்று யூட்டாவின் பிரோமான்டரியில் இரண்டு பாதைகளும் இணைந்தன. வேலை போன சீனர்களில் நிறையப் பேர் சான் பிரான்சிஸ்கோ திரும்பி, சுருட்டு, செருப்பு, கம்பளித் துணி, தையல் வேலைகளில் சேர்ந்தார்கள். அதே ரயிலில் கிழக்கிலிருந்து வெள்ளைத் தொழிலாளர்களும் மலிவான சரக்கும் வந்து இறங்கின. 1870களில் பொருளாதாரமும் படுத்தது. பழியைப் போட ஓர் ஆள் தேவைப்பட்டது.

ஏன் எல்லாரும் ஒரே இடத்துல அடைஞ்சு கிடந்தாங்க? தாங்களாவே ஒதுங்கிக்கிட்டாங்களா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்கும் விதத்திலேயே பதில் தெரியும், ‘அவங்க யார்கூடவும் சேரமாட்டாங்க’ என்று மனதில் முடிவு செய்துகொண்டுதான் கேட்கிறார்கள். முதல் சில வருடம் சாக்ரமென்டோ தெருவில் கடை வைத்தவர்கள் தாங்களாகத்தான் சேர்ந்திருந்தார்கள். அதற்கு ‘தாங் மக்கள் தெரு’ என்று பெயரும் வைத்தார்கள் (தாங் என்பது பழைய சீன அரச வம்சம், அதை வைத்துத் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டார்கள்). துறைமுகத்துக்குப் பக்கம், பேச்சுத்துணைக்கு ஆள், சாப்பாட்டுக்கு அரிசி. அது இயல்பு.

பிறகு நடந்தது வேறு. 1854இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தது. அப்புறம் தெருவில் அடித்தால் கேட்பார் யார்? 1877 ஜூலையில் கும்பல்கள் சீனச் சலவைக்கடைகளை எரித்தன. அதே ஆண்டு டெனிஸ் கேர்னி என்பவர் ‘சீனன் வெளியேற வேண்டும்’ என்பதையே கோஷமாக்கிக் கட்சி நடத்தினார். பேட்டையைத் தாண்டினால் கல்லடி, வெளியே வீடும் கிடைக்காது. வீட்டு உரிமையாளர்களோ பெரும்பாலும் வெள்ளையர்கள், அதிக வாடகைக்கு இங்கே மட்டும் விட்டார்கள். ஒரு வாசலைத் தவிர எல்லாக் கதவையும் சாத்திவிட்டு, ஏன் எல்லாரும் இந்த வாசலிலேயே நிற்கிறீர்கள் என்று கேட்ட கதைதான்.

நெரிசலுக்கும் தண்டனை வந்தது. 1870இல் ஓர் ஊர்ச் சட்டம்: தூங்கும் இடத்தில் ஆளுக்கு 500 கன அடி காற்று இருக்க வேண்டும். ராத்திரியில் சோதனை போட்டு, படுத்திருந்த கூலிகளைப் பிடித்தார்கள். அவர்கள் அபராதம் கட்ட மறுத்து ஜெயிலுக்குப் போகவே, ஜெயிலில் ஆளுக்கு 500 கன அடி இல்லாமல் போனது! சரி, பயமுறுத்துவோம் என்று சீன ஆண்கள் அன்று பின்னிவிட்டிருந்த நீளச் சடையை, கைதியானால் ஒட்ட வெட்டச் சட்டம் போட்டார்கள். ஹோ ஆ கோவ் என்பவர் சடை போனதற்கு வழக்குப் போட்டு 1879இல் ஜெயித்தார்.

சலவைக்கடைன்னா சீனர்தான்னு ஏன் ஆச்சு? அவங்க குலத்தொழிலா?

குலத்தொழில் எதுவும் இல்லை. டாய்சானில் ஆண்கள் துணி துவைத்துப் பிழைத்தவர்களும் இல்லை. தங்க வேட்டை நாளில் இந்த ஊரில் பெண்களே குறைவு, வெள்ளை ஆண்கள் துணி துவைக்க மாட்டார்கள். சட்டையை ஹாங்காங்குக்கும் ஹவாய்க்கும் கப்பலில் அனுப்பித் துவைத்து வாங்கியவர்கள் உண்டு. அந்த இடைவெளியில் சீனர்கள் நுழைந்தார்கள். ஒரு தொட்டி, ஓர் இஸ்திரிப் பெட்டி, கொஞ்சம் சோப்பு போதும். ஆங்கிலமும் அதிகம் வேண்டாம்.

1880இல் நகரசபை ஒரு விதி கொண்டுவந்தது: மரக் கட்டடத்தில் சலவைக்கடை நடத்த அனுமதி வாங்க வேண்டும். தீ பயம் என்று காரணம் சொன்னார்கள். ஊரில் இருந்த 320 சலவைக்கடைகளில் 310 மரக்கட்டடம். அனுமதி கேட்ட சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் கிடைக்கவில்லை. சீனர் அல்லாத சுமார் 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் கிடைத்தது. 22 வருடமாகக் கடை நடத்திய லீ யிக் அபராதம் கட்ட மறுத்துச் சிறை போனார். வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போய் 1886இல் அவர் பக்கம் தீர்ந்தது. சட்டத்தின் வாசகம் நடுநிலையாக இருந்தாலும் அதைப் பாரபட்சமாக நடத்தினால் செல்லாது என்றது தீர்ப்பு. வழக்குக்குப் பெயர் ‘யிக் வோ’. அது அவர் பெயரே இல்லை, கடையின் பெயர். சட்டக் கல்லூரிகளில் இன்றுவரை அந்தக் கடைப் பெயரைத்தான் சொல்லிப் பாடம் நடத்துகிறார்கள்.

பழைய போட்டோ எல்லாத்துலயும் ஆம்பளைங்களா இருக்காங்களே, பொம்பளைங்க எங்க?

வர விடவில்லை. 1875இல் பேஜ் சட்டம் என்று ஒன்று. விபசாரத்துக்குக் கொண்டுவரப்படும் பெண்களைத் தடுப்பதுதான் பேச்சு. நடைமுறையில் கப்பலேற வந்த ஒவ்வொரு சீனப் பெண்ணும் தான் அப்படிப்பட்டவள் அல்ல என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 1890 கணக்கெடுப்பில் அமெரிக்கா முழுவதும் சீன ஆண்கள் 1,03,620, பெண்கள் 3,868. வெள்ளைக்காரியைக் கட்டவும் கலிபோர்னியாவில் சட்டம் இடம் தரவில்லை. ஊரில் மனைவி, இங்கே கணவன், பத்து வருடத்துக்கு ஒருமுறை சந்திப்பு என்றே பல குடும்பங்கள் ஓடின.

வந்த பெண்களில் கணிசமானவர்கள் விற்கப்பட்டவர்கள் என்பதும் உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. கலிபோர்னியா தெரு முனையில் பழைய செயின்ட் மேரி தேவாலயம் இருக்கிறது. 1854இல் சீனாவில் செதுக்கிய கருங்கல்லை அடித்தளமாக வைத்துக் கட்டியது. கடிகாரத்துக்குக் கீழே, மகனே நேரத்தைப் பார், தீமையிலிருந்து ஓடிப்போ என்று எழுதியிருக்கும். எதிர்வரிசை விபசார விடுதிகளுக்குப் போகிற வாலிபர்களுக்கான எச்சரிக்கை அது. சாக்ரமென்டோ தெரு 920ஆம் எண் வீட்டில் டொனால்டினா கேமரன் என்ற கிறிஸ்தவ ஊழியப் பெண்மணி அப்படிப்பட்ட பெண்களை மீட்டு வைத்திருந்தார். அவர் கண்டிப்பைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. பலகாலம் அவருக்கு வலது கையாக இருந்த டியன் ஃபூ வூ, சின்ன வயதில் விற்கப்பட்டு அதே வீட்டால் மீட்கப்பட்டவர்.

1882 சட்டம், 1882 சட்டம்கறாங்களே, அதுல என்னதான் இருக்கு?

சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரப் பத்து ஆண்டுத் தடை. ஏற்கெனவே இருப்பவர்கள் குடியுரிமை பெறவும் முடியாது. வணிகர், மாணவர், ஆசிரியர், பயணி, தூதர் மட்டும் வரலாம். ஒரு நாட்டுக்காரரைப் பெயர் சொல்லித் தடுத்த முதல் பெரிய அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் இது. 1888இல் இன்னும் இறுக்கினார்கள். திரும்பி வரலாம் என்ற சான்றிதழோடு ஊருக்குப் போயிருந்த சுமார் 20,000 பேரின் சான்றிதழ் ஒரே கையெழுத்தில் செல்லாமல் போனது. சிலர் அப்போது கப்பலில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். 1892இல் ஒவ்வொரு சீனத் தொழிலாளியும் குடியிருப்புச் சான்று வைத்திருக்க வேண்டும், இல்லையேல் நாடுகடத்தல் என்று வந்தது. பிறகு தடை நிரந்தரமானது.

பலன் கணக்கில் தெரியும். 1890இல் நாடு முழுவதும் 1,07,488 சீனர்கள், 1920இல் 61,639. கிழவர்கள் செத்தார்கள், ஊருக்குத் திரும்பினார்கள். பிள்ளை பெற வழியில்லை என்பதை முந்தைய பதிலில் சொல்லிவிட்டேன்.

பிளேக் வந்ததும் இங்கதானா?

1900 மார்ச்சில் ஒரு விடுதியின் நிலவறையில் மரக்கடைக்காரர் ஒருவர் இறந்துகிடந்தார். பிளேக் என்று சந்தேகம். உடனே பேட்டையைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். வெள்ளையர்களை வெளியே போக விட்டார்கள், சீனர்களை விடவில்லை. இரண்டு மூன்று நாளில் எடுத்துவிட்டு, மே இறுதியில் மறுபடி வேலியும் முள்கம்பியும் போட்டபோது கோடு வளைந்து வளைந்து போனது, ஓரத்திலிருந்த வெள்ளையர் கடைகள் வெளியே விழும்படி. பம்பாயில் ஹாஃப்கின் என்ற விஞ்ஞானி 1897இல் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியைச் சீனர்களுக்குக் கட்டாயமாகப் போடவும் பார்த்தார்கள். இரண்டையும் எதிர்த்து வழக்குப் போட்டார்கள், இரண்டிலும் ஜெயித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால் கலிபோர்னியா ஆளுநர் ஹென்றி கேஜ் பிளேக்கே இல்லை என்று சாதித்துக்கொண்டிருந்தார். வியாபாரம் கெட்டுவிடும் என்ற கவலை. 1904 வரை 121 பேருக்கு நோய் வந்தது, நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கோபுரம் வச்ச இந்தக் கட்டடமெல்லாம் எத்தனை வருஷம் பழசு? சீனாலேர்ந்து ஆள் வந்து கட்டினாங்களா?

1906 ஏப்ரல் 18 காலை 5:12க்கு நிலநடுக்கம். அதைத் தொடர்ந்த தீயில் சைனாடவுன் மொத்தமும் சாம்பல். ஊர்ப் பெரியவர்களுக்கு இது நல்ல வாய்ப்பாகப் பட்டது. நகர மையத்திலுள்ள விலை உயர்ந்த இந்த நிலத்திலிருந்து சீனர்களைக் கிளப்பி, தெற்கே ஹன்டர்ஸ் பாயின்ட் பக்கம் தள்ளிவிடத் திட்டம் போட்டார்கள். சீனர்கள் அசையவில்லை. சீன அரசு, தூதரகத்தைப் பழைய இடத்திலேயே கட்டுவோம் என்று சொன்னது. வணிகர்கள், வேறு ஊருக்குப் போனால் உங்கள் கிழக்காசிய வியாபாரமும் வாடகையும் எங்களோடு வரும் என்றார்கள். அதிக வாடகை வாங்கிப் பழகிய வெள்ளை உரிமையாளர்களும் திட்டத்துக்குத் தோள் கொடுக்கவில்லை.

இங்கேதான் அந்தக் கோபுரங்கள் வருகின்றன. லுக் டின் ஈலை என்ற வணிகர், திரும்ப யாரும் நம்மைக் கிளப்பாமல் இருக்க வேண்டுமானால் ஊரே வந்து பார்க்க ஆசைப்படும் இடமாக இது இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார். ராஸ் என்ற வெள்ளைக் கட்டடக் கலைஞரையும் பர்கிரன் என்ற பொறியாளரையும் வைத்து, கிராண்டும் கலிபோர்னியாவும் சேரும் முனையில் சிங் சோங் கட்டடத்தை எழுப்பினார். எதிர் முனையில் சிங் ஃபாட். சாதாரண அமெரிக்கக் கடைக்கட்டடம், தலையில் மட்டும் பகோடா என்ற சீன அடுக்குக் கோபுரம். டாய்சான்காரர் ஒருவர் இதைப் பார்த்துத் தன் ஊர் என்று அடையாளம் கண்டிருக்க மாட்டார். சீனாவை நினைத்து ஏங்கிக் கட்டியது இல்லை இது. இந்த ஊரில் நிலைக்கக் கட்டியது. எனக்கு இதைப் போலிக் கட்டடம் என்று சொல்பவர்களிடம் உடன்பாடு இல்லை. நூறு வருடத்துக்கு மேலாகப் பேட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறதே!

தரைக்கு அடியில சுரங்கப் பாதை, அபின் குகை எல்லாம் இருந்துச்சாமே?

சுரங்கப் பாதை கிடையாது. 1906 தீயில் எல்லாம் எரிந்து தரை வெறுமையாகத் தெரிந்தபோது நிலவறைகள்தான் இருந்தன, பாதைகள் இல்லை. அபின் புகைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பயணிகள் காசு கொடுத்துப் பார்த்த ‘குகை’களில் பல, வழிகாட்டிகள் ஆள் வைத்து நடத்திய நாடகம். ‘டாங்’ எனப்படும் ரகசியச் சங்கங்களின் கோடாரிச் சண்டைகள் உண்மை. சூதும் விபசாரமும் யார் கையில் என்பதுதான் தகராறு. அவற்றை மேலே சொன்ன ஊர்ச் சங்கங்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னாளிலும் 1977 செப்டம்பரில் ஓர் உணவகத்தில் இளைஞர் கும்பல்கள் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். ஐவரும் எந்தக் கும்பலையும் சேராதவர்கள்.

‘காகித மகன்’னா என்ன?

1906 தீயில் நகரசபைக் கட்டடமும் அதிலிருந்த பிறப்புப் பதிவுகளும் போயின. நான் இங்கே பிறந்தவன் என்று ஒருவர் சொன்னால் இல்லை என்று காட்டக் காகிதம் இல்லை. இங்கே பிறந்தவர் குடிமகன். குடிமகனின் பிள்ளை, சீனாவில் பிறந்தாலும், வரலாம். ஆகவே ஒருவர் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் ஒரு மகன் பிறந்ததாகப் பதிவு செய்வார். அந்த இடத்தை அண்ணன் மகனுக்கோ, காசு கொடுத்த பக்கத்து ஊர்க்காரனுக்கோ கொடுத்துவிடலாம். வந்தவன் காகிதத்தில் மகன். பெண்கள் மிகக் குறைவு, ஏனென்றால் மகளுக்கு இடம் பதிவு செய்தவர்கள் குறைவு.

இது தீக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. கோர்ட்டில் சொல்லும் கதையெல்லாம் உண்மையானால் இருபத்தைந்து வருடத்துக்கு முன் இங்கிருந்த ஒவ்வொரு சீனப் பெண்ணும் 500 பிள்ளை பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு நீதிபதி 1901இலேயே கணக்குச் சொன்னார். தீ அதை எளிதாக்கியது, அவ்வளவுதான்.

அதைக் கண்டுபிடிக்கவே மாட்டாங்களா?

கண்டுபிடிக்கத்தான் விரிகுடாவில் ஏஞ்சல் தீவு. 1910 ஜனவரி முதல் 1940 வரை அங்கே குடிவரவு நிலையம். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி, தட்டச்சாளர், மொழிபெயர்ப்பாளர். இந்தப் பக்கம் பன்னிரண்டு வயதுப் பையன். உங்கள் வீட்டுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில்? கிணறு எந்தத் திசையில்? தெருவில் மூன்றாவது வீட்டில் யார்? பாட்டிக்குக் கட்டிய கால்களா (அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே துணி சுற்றி இறுக்கிச் சிறுக்க வைத்தவை)? இதையே ‘அப்பா’விடமும் தனியே கேட்பார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். பையன்கள் கப்பலிலேயே பாடக் குறிப்பை மனப்பாடம் செய்து, தீவு வருவதற்குள் கடலில் எறிந்துவிடுவார்கள். மறந்ததை நினைவூட்டும் சீட்டு, வேர்க்கடலை ஓட்டுக்குள்ளும் பழத்தோலுக்குள்ளும் சமையல்காரர்கள் மூலம் உள்ளே போகும். உண்மையான மகன்களே படியின் எண்ணிக்கையில் தடுமாறித் திருப்பி அனுப்பப்பட்டதும் உண்டு. நம் வீட்டுப் படி எத்தனை என்று யோசித்துப் பாருங்கள்.

சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் அங்கே காத்திருப்பு. மரச்சுவரில் கவிதை செதுக்கினார்கள். மேலே வண்ணம் அடித்து மறைத்தும் எழுத்து போகவில்லை. 1970இல் இடிக்க இருந்த கட்டடத்தில் பூங்காக் காவலர் ஒருவர் கண்ணில் பட்டது. இதுவரை 200க்கு மேல் படித்தெடுத்திருக்கிறார்கள்.

என்ன இருந்தாலும் பொய் சொல்லி வந்தது தப்பில்லையா?

மாமனார் கேட்டது. வருமான வரித் துறையில் இருந்தவர், காகித விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டார். பொய்தான், மறுக்கவில்லை. நேரான வாசலில் இனம் பார்த்து நிறுத்திய சட்டம் அறுபது ஆண்டு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

பொய்க்கு விலையும் கொடுத்தார்கள். வாழ்நாள் முழுக்க வேறு குடும்பப் பெயர். பிள்ளைகளிடம்கூட வாய் திறக்க முடியாது. 1956இல் அரசு ஓர் ஒப்புதல் திட்டம் கொண்டுவந்தது: உண்மையைச் சொன்னால் நிலையைச் சரிசெய்ய வழி உண்டு. ஒருவர் சொன்னால் அவர் காகிதக் குடும்பம் முழுவதும் மாட்டும். கம்யூனிஸ்ட் பயம் தலைவிரித்தாடிய காலம் வேறு. சுமார் 13,900 பேர் ஒப்புக்கொண்டார்கள், அதனால் 22,000க்கும் மேற்பட்டோர் குட்டு வெளிப்பட்டது.

என் பேத்தி இங்க பிறந்ததால சிட்டிசனாமே. அதுக்கும் இந்தத் தெருவுக்கும் சம்பந்தம் இருக்குன்னியே?

நேரடிச் சம்பந்தம். வோங் கிம் ஆர்க் சாக்ரமென்டோ தெரு 751இல் பிறந்தவர், சமையல்காரர். சீனா போய்விட்டு 1895இல் திரும்பியபோது நீ குடிமகன் இல்லை என்று கப்பலிலேயே நிறுத்தி வைத்தார்கள். அவர் பெற்றோர் குடியுரிமை பெறவே முடியாதவர்கள் (1882 சட்டப் பதிலைப் பாருங்கள்). 1898 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் 6-2 என்று தீர்ப்பளித்தது: இந்த மண்ணில் பிறந்தவர் குடிமகன், பெற்றோர் யாராக இருந்தாலும். தூதர் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் மட்டும் உண்டு. விசாவில் வந்து பிள்ளை பெற்ற நம் குடும்பங்கள் எல்லாம் அந்தச் சமையல்காரர் போட்ட பாயில்தான் உட்கார்ந்திருக்கிறோம். 2025 ஜனவரியில் பிறப்புக் குடியுரிமையைக் கட்டுப்படுத்தும் நிர்வாக ஆணை வந்ததும் அவர் பெயர் மறுபடி செய்தியில் அடிபட்டது.

இன்னொன்று. பகோடா கட்டினார் என்று மேலே சொன்ன லுக் டின் ஈலையும் கலிபோர்னியாவில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோது 1884இல் அவரையும் திரும்ப வர விடாமல் நிறுத்தினார்கள். அவரும் கோர்ட்டில்தான் உள்ளே வந்தார்.

இந்தப் பிள்ளைங்க எங்க படிச்சாங்க?

மேமி டேப் என்ற எட்டு வயதுப் பெண்ணை ஒரு பொதுப்பள்ளி சேர்க்க மறுத்தது. பெற்றோர் வழக்குப் போட்டு 1885இல் ஜெயித்தார்கள். உடனே கல்வி வாரியம் சீனப் பிள்ளைகளுக்கென்று தனிப்பள்ளி திறந்துவிட்டது. ஜெயித்தும் தோற்ற வழக்கு. 1974இல் இதே ஊர்ச் சீனக் குழந்தைகள் தொடுத்த இன்னொரு வழக்கில், புரியாத மொழியில் மட்டும் பாடம் நடத்திவிட்டுச் சமவாய்ப்பு என்று சொல்லக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்று நாடெங்கும் ஆங்கிலம் தெரியாமல் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்குத் தனி உதவி கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பார்ச்சூன் குக்கி சீனப் பலகாரம்தானே?

ஜப்பானியப் பலகாரம். கியோட்டோ பக்கம் இதன் மூதாதை உண்டு. கலிபோர்னியாவுக்கு ஜப்பானியர்கள் கொண்டுவந்தார்கள், சீன உணவகங்கள் பிடித்துக்கொண்டன. ராஸ் சந்தில் 1962 முதல் நடக்கும் கடையில் சுடச்சுட மடிப்பதைப் பார்க்கலாம்.

தடை எப்பதான் போச்சு? நம்ம ஆளுங்களுக்கும் அப்படி இருந்துச்சா?

1943 டிசம்பரில் போனது. போரில் சீனா கூட்டாளி ஆகிவிட்டதே! போனது என்றாலும் ஆண்டுக்கு 105 பேர்தான். நமக்கும் கதவு சாத்தித்தான் இருந்தது. 1917 சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியை அடைத்தது. 1946இல் இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 பேர் என்று திறந்தது. 1965 சட்டம்தான் நாட்டுவாரிப் பழைய கணக்கை ஒழித்தது. ஹாங்காங்கிலிருந்து குடும்பம் குடும்பமாக இங்கே வந்து இறங்கியதும், நம் டாக்டர்களும் பொறியாளர்களும் கிளம்பியதும் ஒரே சட்டத்தால்தான்.

வசதி வந்தவங்க போயிட்டாங்க போல. இப்ப இங்க யார் இருக்கா?

வசதி வந்த குடும்பங்கள் ரிச்மண்ட், சன்செட் பகுதிகளுக்கும் நகருக்கு வெளியேயும் போய்விட்டன. இங்கே இருப்பது வயதானவர்களும் புதிதாக வந்தவர்களும். கடைகளுக்கு மேல் மாடியில் பாருங்கள், சன்னலுக்கு வெளியே கழியில் துணி காய்கிறது. ஒற்றை அறைகள். எட்டடிக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பம், சமையலறையும் கழிப்பறையும் மாடிக்குப் பொது. அந்த நெரிசலுக்கு வடிகால்தான் போர்ட்ஸ்மத் சதுக்கம். பகல் முழுக்க அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுச் சீட்டாடும் கிழவர்களை அங்கே பார்க்கலாம். 1846இல் இந்த ஊரில் அமெரிக்கக் கொடி முதலில் ஏறியதும் அதே சதுக்கத்தில்தான், சீட்டாடுபவர்கள் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை.

இன்னமும் அந்தக் காகிதப் பேரையே வச்சிருக்காங்களா?

நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். பள்ளிச் சான்று, வேலை, வீட்டுப் பத்திரம், பிள்ளைகள் பெயர் எல்லாம் அதில் ஏறிவிட்ட பிறகு எங்கே மாற்றுவது? ஆனால் பேட்டைக்குள் உண்மைப் பெயர் எல்லாருக்கும் தெரியும். கல்யாணப் பேச்சில் அது முக்கியம். காகிதத்தில் வேறு வேறு பெயர் என்றாலும் உண்மையில் ஒரே குடும்பப் பெயராக இருந்தால் அந்தக் கால வழக்கப்படி கட்டிக்கொள்ள மாட்டார்கள்.

நகருக்குத் தெற்கே கோல்மாவில் சீனக் கல்லறைகள் இருக்கின்றன. சில கற்களில் ஆங்கில எழுத்தில் ஒரு குடும்பப் பெயர் இருக்கும். அதே கல்லில் சீன எழுத்தில் செதுக்கியிருப்பது வேறு குடும்பப் பெயர். அடக்கம் நடக்கும் நாளில்தான் அப்பாவின் உண்மைப் பெயரை முதல்முறை பார்த்த பிள்ளைகளும் உண்டு.